தோணிக்கு அடியில் கதவு

"கதவெண்டு தெரியாமலா அறுத்தீங்க? கண் என்ன பின்னுக்கா கிடக்கு?"

பத்தினிப்பிள்ளையின் குரல் வாவிக்கரை வரைக்கும் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரை முடிந்து வெகுநேரம், சண்டை முடியவில்லையே.

"கத்தாத கா! வவுணதீவுத் துறைக் கல்லு தோணிட அடியச் சுரண்டி எடுத்துப்போட்டு. முதிரை அடிச்சாத்தான் தாங்கும்," என்றார் அவள் புருஷன் பாக்கியராசா.

தானே செய்த தோணியை முற்றத்தில் குப்புறப் போட்டு, அடியில் நீளவாக்கில் முதிரை மரச் சட்டங்களை அறைந்திருந்தார். கல்லில் சட்டம் தேயட்டும், தோணி பிழைக்கட்டும் என்ற யோசனை. நல்ல யோசனைதான். சட்டம் வந்த இடம்தான் கோளாறு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெற்றவர்கள் பின்வளவுக் குடிசைக்குப் போவார்கள். மகள் சீனிப்பிள்ளைக்குக் கட்டிய வீட்டில் கதவு மாட்டுவது மட்டுமே பாக்கி. செய்து வைத்திருந்த அந்தக் கதவைத்தான் அறுத்துவிட்டார். யுத்த காலம், முதிரையெல்லாம் பட்டாளத்துக்குப் போனது, வேறு கதவுக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை கனகசூரியத்தின் ஆட்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

"தோணி ஓடாட்டி நெல்லு வராது. நெல்லில்லாமக் கலியாணம் எப்பிடிச் செய்யிற?"

"கதவில்லாத வீட்டில எவன் வந்து படுப்பான்? நீங்க போய் வாசல்ல குறுக்கால படுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சீனிப்பிள்ளைக்கு வரவில்லை. போய் ஆணி நெம்ப அலவாங்கை எடுத்துவந்தாள்.

"வேணாம் புள்ள, ஆணியப் பிடுங்கினா..." தகப்பன் சொல்லி முடிப்பதற்குள் முதல் சட்டம் பிய்ந்து வந்தது. மற்றவையும் வந்தன. தோணியின் அடி அரிதட்டுப் போல் ஓட்டை ஓட்டையாக ஆனது. சட்டங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள். வெடித்துப்போன அவை கதவாகவும் இல்லை. அப்போதுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை வாசலில் புதுப்பாய் தொங்கியது. மாப்பிள்ளையின் தாய் அதை விலக்கிப் பார்த்தாள். "நல்ல காத்தோட்டம்," என்றாள். வெற்றிலையைத் தொடவில்லை.

பாக்கியராசா தோணி ஓட்டைகளில் தேங்காய்த் தும்பைத் திணித்துக்கொண்டே இருந்தார். சாப்பிட ஒருவரும் கூப்பிடவில்லை.

கனகசூரியம் ஆவணியில் கொக்கட்டிச்சோலையில் வேறு பெண்ணை முடித்தான். சீனிப்பிள்ளையைத் தன்னாமுனையிலிருந்து தாரமிழந்த நல்லரத்தினம் கேட்டு வந்தார். வீடு தன்னிடமே இருக்கிறதாம். பெண் புருஷன் வீட்டுக்குப் போவதா என்று ஊரே வாயில் கைவைத்தது. அவள் போனாள். தாய் வழியனுப்ப வெளியே வரவில்லை.

இப்போது அவளுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்களாம். பத்தினிப்பிள்ளை மகளைப் பற்றி யாருக்கும் தெரியாமல் என்னிடம்தான் விசாரிக்கிறாள்.