மூத்தவன் மெழுகுவர்த்தி

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம், தீபாவளிக்கு மறுநாள், கொடைக்கானலிலிருந்து திருச்சிக்கு வந்த பேருந்தில் ஜெபராஜ் வரவில்லை. அவன் வரவேண்டிய இடத்தில் மூடுபனி உட்கார்ந்து வந்தது. ஒரு ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு வந்தால் டிக்கெட் போடத்தானே வேண்டும் என்று கண்டக்டர் பிச்சமுத்து முழு டிக்கெட் கிழித்தார். பனி மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, பொன்மலையில் சரியான நிறுத்தத்தில் இறங்கி, தண்ணீர்க் குழாய் இருக்கும் சந்தில் திரும்பி, தைரியராஜ் வீட்டுக்குள் நுழைந்தது. செத்துப்போன அம்மாவின் கட்டில் கிடந்த மூலையில் உட்கார்ந்தது. அந்த வாரம் மழை இல்லை. பக்கத்து வீட்டுக் கொடிகளில் துணி மொறுமொறுவென்று காய்ந்தது. இந்த வீட்டில் மட்டும் தலையணை பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

தைரியராஜுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் இருபத்தாறு வருஷமாக மூட்டை தூக்குகிறவன். ஐம்பது வயதில் கழுத்தெலும்பு தேய்ந்தவன். அண்ணன் ஜெபராஜ் வருவான் என்று இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளன்று மூத்த பிள்ளைதான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். மற்றவர்கள் அதிலிருந்துதான் பற்றவைக்க வேண்டும். அப்பா இறந்தபின் பதினோரு வருஷம் அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொறுங்கடா, திண்டுக்கல் பஸ் வந்துரும்" என்று கல்லறையிலேயே நின்றாள். ஊரே ஏற்றிவிட்டுப் போனபிறகு, கேட்டைப் பூட்ட ஆள் வந்தபிறகு, ஏற்றாத மெழுகுவர்த்தியோடு வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியில் போடுவாள். அப்படிப் பதினொன்று சேர்ந்தது. இந்த வருஷம் பிப்ரவரியில் அவள் கண்ணை மூடினாள். ஜெபராஜ் மூன்றாம் நாள்தான் வந்தான், ஒரு பை கேரட்டோடு. அவன் வேலை பார்க்கும் கொடைக்கானல் லாட்ஜில் ஆள் இல்லையாம், சாயங்காலமே கிளம்பினான். "கல்லறைத் திருநாளுக்குக் கட்டாயம் வருவேன்டா, அம்மா மேல ஆணை" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போது பனி வந்திருக்கிறது.

தைரியராஜ் போனில் கத்தினான். "ஏன்ணே, உனக்குப் பதிலா இதை அனுப்பி வச்சியா? இது வந்து கல்லறைக்கு வெள்ளை அடிக்குமா, மெழுகுவர்த்தி ஏத்துமா?"

"எதைடா? பனியா?" ஜெபராஜின் குரல் மாறியது. "அங்கயா இருக்கு? இங்க ஊரெல்லாம் பனி கொட்டுது, எங்க லாட்ஜ் வாசல்ல மட்டும் வெயில் கொளுத்துது. பனி பாக்க வந்தவங்க பூரா ரூமைக் காலி பண்ணிட்டுப் போறாங்க. முதலாளி என்னைப் பாத்து நாயா குரைக்கிறாரு. எப்படியாவது திருப்பி அனுப்புடா."

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்காக வராதவன் பனியைக் கேட்டு அன்றைக்கு மூன்று தடவை கூப்பிட்டான்.

தங்கை செல்வமேரி மட்டும், "பாவம்ணே, இவ்வளவு தூரம் வந்திருக்கு" என்று பனிக்கு முன்னால் ஒரு டம்ளர் காபி வைத்தாள். "ஆமா, வச்சுக்க. சீர் செனத்தியும் செய்" என்றான் தைரியராஜ். பழவண்டி ஜெகபர் சாதிக், "அண்ணே, ஆப்பிள் வாடாம இருக்கும், ஒரு கூடை வச்சுக்கிறேன்" என்று கேட்டு வைத்துக்கொண்டார். கேள்விப்பட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், "மார்கழி இங்க முன்னாடியே வந்துடுத்தே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் பனியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு தைரியராஜும் தங்கையும் கல்லறைக்குப் போனார்கள். இவர்கள் போவதற்குள் பனி அம்மாவின் சிலுவையடியில் இருந்தது. சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம், சாமந்தி, ஜெபம். இவர்களுடையது மட்டும் நனைந்து கிடந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து மாவாக உதிர்ந்தது. மூன்று பெட்டி வீணானது. தைரியராஜுக்குப் பொறுக்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த பழைய மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துப் பனிக்குள் குத்துவதுபோல் நீட்டினான்.

"இந்தா! மூத்தவன் இடத்துல வந்து குந்திக்கிட்டேல்ல? ஏத்து! என் ஆத்தா பதினோரு வருஷம் கால் கடுக்க நின்னா, ஏத்துடா!"

மெழுகுவர்த்தி பற்றிக்கொண்டது. நின்று எரிந்தது. செல்வமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். தைரியராஜ் அதிலிருந்து தன்னுடையதைப் பற்றவைத்தான். தங்கை அவனிடமிருந்து பற்றவைத்தாள்.

அதன்பின் பனி போகவில்லை. அக்கினி நட்சத்திரத்திலும் அந்த வீட்டில் கம்பளி போர்த்தித்தான் படுத்தார்கள். தைரியராஜின் கழுத்து வலி ஈரத்தில் கூடியது; அதற்கும் அண்ணனைத்தான் திட்டினான்.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு ஜெபராஜ் நேரில் வந்தான். பனியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கல்லறையில் வந்து நின்று, தலைமுடி நரைத்துப்போன அந்த ஆள், வழக்கத்தை மறக்காமல், முதல் மெழுகுவர்த்திக்குக் கையை நீட்டினான்.

தைரியராஜ் பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீ' என்றுதான் கூப்பிட்டவன். அன்றைக்கு, "நீங்க கொஞ்சம் பின்னால நில்லுங்க" என்றான். "மூத்தவர் ஏத்தட்டும்."

பனி ஏற்றியது. அடுத்து தைரியராஜ், அவனுக்கு அடுத்து செல்வமேரி. ஜெபராஜ் முழுக்க நனைந்து, தங்கையிடமிருந்து நெருப்பு வாங்கிக் கடைசியாக ஏற்றினான். மறுநாள் காலை தனியாகத் திண்டுக்கல் பஸ் ஏறினான். இப்போதெல்லாம் அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் சந்தில் யாரும் யோசிப்பதில்லை. நாலு பேர் என்கிறார்கள், ஜெபராஜ் கடைசி.