விரிப்பின் மேல் ஒரு முட்டை

1

இந்தக் கதை எனக்குத் தொலைபேசியில் வந்தது. தீவு ஒன்றில் வேலைக்குப் போயிருக்கும் தம்பி மகள் கூப்பிட்டு, "அத்தை, ஒரு பறவை என் பெட்ஷீட்ட எடுத்து வெச்சுக்கிட்டு தர மாட்டேங்குது" என்றாள். சிரித்தாள். லைன் அறுந்துவிட்டது. அவள் மறுபடி கூப்பிடுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. நடந்தது முழுக்கத் தெரிந்துவிட்டால் அப்புறம் நமக்கு என்ன வேலை, சொல்லுங்கள்?

2

'முன்னொரு காலத்தில் எரிமலை சினந்து கக்கிய…'

வேண்டாம். மலைக்குச் சினம் எதற்கு?

'கடல் நீலமாக…'

அடித்துவிட்டேன். இப்படித் தொடங்குகிறேன்:

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ஊர்சுத்தி' என்று பெயர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் கட்டிலில் சாய்வார்கள். அவள் கரையில் இறங்கிவிடுவாள். அங்கே நெருப்புக் குழம்பு கடலுக்குள் வழிந்து, முற்றிய பாகுபோல மடிப்பு மடிப்பாக உறைந்து கிடந்தது. மடிப்புகளில் தேங்கிய தண்ணீரில் சிவப்பு நண்டுகள். தள்ளி, ஈரம் காயாத மூட்டைகளாகக் கடல்நாய்கள். அலை ஏறுவதற்குள் போனால்தான் அவற்றைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஆனால் துணி உலர்த்தும் இயந்திரமோ ஆடி அசைந்துதான் முடிக்கும். எனவே அவள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தாள். வெயிலில் கொதிக்கும் கறுப்புப் பாறையில் விரிப்புகளை விரித்துவிட்டால், கடல்நாய்களைப் பார்த்துத் திரும்புவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும்.

மேற்பார்வையாளர் ஒருமுறை பிடித்துவிட்டார். "இன்னொரு தரம் பாறை மேல துணியப் பாத்தேன், உன்ன அக்கரைல இருக்கிற ஓட்டலுக்கு மாத்திடுவேன். அங்க சுத்திப் பாக்க பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு."

ஊர்சுத்தி அடுத்த வாரமே மறுபடி விரித்தாள். (திட்டாதீர்கள். இவளை எனக்குப் பிடித்திருக்கிறது.) திரும்பி வந்தபோது ஒரு விரிப்பின் நடுவில் ஆலா* ஒன்று உட்கார்ந்திருந்தது. அடியில் புள்ளி புள்ளியாக ஒரு முட்டை.

* ஆலா: கடல் பறவை. இதில் சில, கூடு கட்டுகிற சோலியே வைத்துக்கொள்ளாமல் வெறும் தரையில் முட்டையிடும். சுடும் பாறையில் குளுகுளுவென்று வெள்ளைத் துணி கிடந்தால் விடுமா?

3

அவள் கணவன் ஓட்டலின் படகை ஓட்டுபவன். வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"மெதுவா உருவிடலாமா?"

"உருண்டு போய் உடையும்."

"அப்ப காத்துல பறந்துபோச்சுன்னு சொல்லிடு."

"தேட ஆள் அனுப்புவாங்க. கூட்டமா வந்தா இது எழுந்து ஓடிடும், வெயில்ல முட்டை வெந்துடும்."

"மாத்திட்டா நான் இங்க, நீ அங்க. அதையாவது யோசிச்சியா?"

அவள் விரிப்பின் ஓரம் காற்றில் படபடக்காமல் இருக்க ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.

4

மேற்பார்வையாளர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. 'ஈட்டிபோல நடந்து வந்தாள் அந்த…' என்று எழுதிக்கொண்டிருந்தபோது தம்பி மகள் மறுபடி கூப்பிட்டாள்.

"முடிவச் சொல்லிடாதே!" என்றேன்.

"சொல்லல. ஆனா மேடத்த ராட்சசியா எழுதிடாத அத்தை. எனக்கு ஜுரம் வந்தப்ப ராத்திரி பூரா நெத்தில ஈரத்துணி மாத்தினது அவங்கதான்."

என்ன செய்வது? ஈட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

5

முதல் முடிவு: பொய் சொல்லித் தப்பிக்கிறாள். எழுதிப் பார்த்தேன், இவள் வாய் திறக்க மறுக்கிறாள்.

இரண்டாவது: குஞ்சு பொரிக்கிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். இது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே நடந்திருக்கக்கூடியது இதுதான். ஊர்சுத்தி தானே மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒரு விரிப்பு குறையுது. பாறைல இருக்கு. நான்தான் போட்டேன்."

"எவ்ளோ திமிர் இருந்தா வந்து வேற சொல்லுவ? போய் எடுத்துட்டு வா."

"முடியாது மேடம். ஆள் இருக்கு."

"யாரு?"

"வந்து பாருங்க. செருப்ப மட்டும் இங்கயே கழட்டிடுங்க. சத்தம் ஆகாது அதுக்கு."

மேற்பார்வையாளர் முறைத்தார். ஆனால் கழற்றினார். சூட்டில் மாறி மாறிக் காலைத் தூக்கிவைத்துப் பாறையில் நடந்தார். ஆலா கிறீச்சிட்டுக்கொண்டு எழுந்து, அவர் கொண்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. அவர் அப்படியே குந்திவிட்டார். முட்டையைப் பார்த்தார். வெயில் அதன் மேல் விழாதபடி, தன்னை அறியாமல், சற்று நகர்ந்து நிழலாக உட்கார்ந்தார்.

ஊர்சுத்தி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அக்கரையா, இக்கரையா?

சற்றுப் பொறுத்து இருவரும் ஓசையில்லாமல் பின்வாங்கினார்கள். ஆலா வட்டமடித்து இறங்கியது. மேற்பார்வையாளர் இவள் பக்கம் திரும்பி, "நீ நாளைலேர்ந்து…" என்றார்.

மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன், கண்ணுகளா. அவரை எது வேண்டுமானாலும் சொல்ல வையுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வையுங்கள், அவ்வளவுதான். பறவை இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.