முதல் புகை

கார்ஸ் நகரத்தின் கடைத்தெருவில் குளிர்காலத்தைத் தொடங்கிவைப்பது எங்கள் குடும்பம். எங்கள் கராபே கட்டடத்தின் புகைபோக்கியில் முதல் புகை கிளம்பிய பிறகுதான் மற்றவர்கள் தங்கள் கொதிகலன்களில் தீ வைப்பார்கள். அப்படியொரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. என் தந்தை அந்தக் கறுப்புக் கல் கட்டடத்தை வாங்கிய நாள் முதல் தெரு அதை மதித்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கராபே குடும்பத்து ஆண் ஒருவன் ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்னால், யாரும் போய்ச் சரிபார்ப்பதில்லை. சரிபார்ப்பது அவன் முகத்தில் துப்புவதற்குச் சமம். என் தந்தை எனக்குப் பின்னால் வந்து ஒரு பூட்டைக்கூட இழுத்துப் பார்த்ததில்லை. நானும் என் தம்பி மகன் ஃபெரிதூனை அப்படித்தான் வளர்த்தேன். தம்பி இளவயதில் இறந்தபின் அவன் என் கையில் வளர்ந்தவன். கட்டடத்தின் பொறுப்பெல்லாம் இப்போது அவனுடையது.

அந்த ஆண்டு குளிர் முந்திக்கொண்டது. கணவாயில் பனி விழுந்துவிட்டதென்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். ஃபெரிதூன் ஒரு வாரமாக வேலையில் இருந்தான். குழாய்களில் நீர் நிரப்பி, மாடி மாடியாகப் போய், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் தேங்கிய காற்றைத் திறந்துவிட்டான். சுழற்சி பம்பைக் கழற்றி எண்ணெயிட்டான். கொதிகலனின் உட்சுவரைச் சுரண்டிக் கரியை வாரினான். ஜன்னல் இடுக்குகளில் கோதுமைப் பசை தடவித் துணிப்பட்டை ஒட்டும் வேலையை மூன்றாம் மாடியில் என் மகள் நிமெத்தே தன் தையல் வகுப்புப் பெண்களை வைத்து முடித்துவிட்டாள். கடைசியாக, கூரையேறிப் புகைபோக்கிக்குள் தூரிகை இறக்கும் வேலை.

வியாழக்கிழமை மாலை ஃபெரிதூன் வீட்டுக்கு வந்தபோது அவன் கை முழங்கைவரை கறுத்திருந்தது. புகைபோக்கி ஆயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றான். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் அடித்தளத்தில் கொதிகலன் அறை வாசலில் கூடினார்கள். கீழ்த்தளத்தில் பாலாடைக்கட்டிக் கடை வைத்திருக்கும் தெமெல், முதல் மாடிப் பல் மருத்துவர், கணக்கர், கடைப் பணியாளர்கள். தெமெல் வீட்டிலிருந்து ரவை அல்வா வந்திருந்தது. நான் பிஸ்மில்லா சொல்லி விறகுக்குத் தீ வைத்தேன். விறகு பிடித்ததும் முதல் கரண்டி நிலக்கரியை நானே போட்டேன். தெமெல் வழக்கம்போலப் புகையைப் பார்த்துச் சொல்லத் தெருவுக்கு ஓடினான்.

எதிர்க் கட்டடத்து நெவ்ஸாத்தும் எங்கள் புகையை எதிர்பார்த்துத் தன் வாசலில் ஜபமாலையோடு நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவும் அப்படி நின்றவர்தான்.

தீ சோம்பலாக எரிந்தது. மஞ்சளாக எழவேண்டிய சுவாலை சிவந்து தாழ்ந்து கிடந்தது. கதவு விளிம்பிலிருந்து மெல்லிய புகை வெளியே எட்டிப் பார்த்து, திரும்பி உள்ளே போயிற்று. யாரும் கவலைப்படவில்லை. கோடை முழுதும் குளிர்ந்து கிடந்த புகைபோக்கி முதல் தீக்குக் கொஞ்சம் இருமும். அது எல்லாருக்கும் தெரிந்தது.

தெமெல் படியில் தலையை நீட்டினான்.

"இன்னும் வரல ஹாஜி. எதிர் வாசல்ல நெவ்ஸாத் வேற நக்கல் பண்றாரு. ஹாஜி வீட்டுப் புகை வழி மறந்து போச்சான்னு கேக்குறாரு."

இன்னும் விறகு போடச் சொன்னேன். ஃபெரிதூன் போட்டான். அவன் என்னைப் பார்க்காமல் போட்டான்.

அவன் சிறுவனாக இருந்தபோது தட்டை உடைத்துவிட்டு அப்படித்தான் தரையைப் பார்ப்பான். தூரிகை மேலேயிருந்து கீழ்வரை வந்ததா? அந்த ஒரு கேள்விதான். ஆனால் அவன் முடிந்தது என்று சொல்லியிருந்தான். வாடகைக்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நான் கேட்டால், கராபே குடும்பத்தில் ஒருவன் சொல்லை இன்னொருவன் நம்பவில்லை என்பது அசர் தொழுகைக்கு முன்னால் கடைத்தெரு முழுவதும் போய்விடும். கேட்காமல் நின்றேன்.

அறையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பல் மருத்துவர் அல்வாவில் இனிப்பு கூடிவிட்டதாகவும், இது தனக்கு நல்ல வரும்படி தரும் என்றும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு காதில் விழவில்லை. நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியின் தையல் இயந்திரச் சத்தம் குழாய்கள் வழியாக எப்போதும் கீழே இறங்கும். மழை தகரத்தில் விழுவதுபோல ஒரு விடாத ஓசை. அது மெலிந்துகொண்டே வந்தது. ஓர் இயந்திரம் நின்றது. இன்னொன்று நின்றது. தொழுகை நேரமா? இல்லை. தேநீருக்கு எழுந்திருப்பார்களோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புகைபோக்கி மூன்றாம் மாடியில் நிமெத்தின் அறைச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது. பழைய காலத்தில் அந்த அறையில் அடுப்பு வைத்திருந்தார்கள். அதன் குழாய் செருகிய துளை இன்னும் சுவரில் இருக்கிறது. துளையின்மேல் ஒரு தகர மூடி, அதன்மேல் சுண்ணாம்பு. மேலே வழி அடைபட்டால் புகை எந்த வழியைத் தேடும் என்று யோசித்தேன். நிமெத்தின் ஜன்னல்களில் ஒட்டிய துணிப்பட்டைகள் நினைவுக்கு வந்தன.

கடைசி இயந்திரமும் நின்றது.

"ஃபெரிதூன்," என்றேன். "தூரிகை அடிவரைக்கும் வந்துச்சா?"

அவன் முகம் வெளுத்தது. ஆனால் அது அவமானத்தால் அல்ல என்று எனக்குத் தெரிந்தது. அவனும் மேலே காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"ஒரு ஆள் உயரத்துக்கு மேல இறங்கல பெரியப்பா. காக்கா கூடு கட்டி அடைச்சு வச்சிருக்கு. இடிச்சுப் பாத்தேன், கொஞ்சம் வழி விட்டுச்சு. காத்து போயிடும்னு நெனச்சேன். உங்ககிட்ட இன்னும் ஆகலன்னு எப்படிச் சொல்றது…"

"தீயை வெளிய இழு," என்றேன். "எல்லாரும் தெருவுக்குப் போங்க. நிக்காதீங்க."

என் வயதுக்கு அந்தப் படிகள் அதிகம். எப்படி ஏறினேன் என்று தெரியாது. இரண்டாம் மாடியில் எந்த வாசமும் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நிலக்கரியின் விஷத்துக்கு வாசமில்லை என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். குளிர்காலத்தில் ஒரு குடும்பமேனும் அப்படிப் படுத்த படுக்கையிலேயே செத்துப்போகாத ஆண்டு எங்களுக்கு இருந்ததில்லை.

கதவைத் திறந்தேன். ஒரு பெண் தரையில் உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். இருவர் சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்தார்கள், நான் யாரென்று தெரியாதவர்கள்போல. மற்றவர்கள் இயந்திரங்களின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். நிமெத் ஜன்னலருகே கிடந்தாள். அவள் நகங்களில் பசை ஒட்டிய துணி இருந்தது. பட்டையைப் பிய்க்கப் பார்த்திருக்கிறாள்.

முக்காலியை எடுத்துக் கண்ணாடியை அடித்தேன். பிறகு அடுத்த கண்ணாடி. குளிர் உள்ளே பாய்ந்தது. அதற்குள் ஃபெரிதூன் வந்துவிட்டான். தெமெலும் வந்தான். அவர்களுக்குப் பின்னால் நெவ்ஸாத் தன் ஆட்களோடு வந்து, முதல் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

நிமெத்தை ஃபெரிதூன் தூக்கினான். "அக்கா, அக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனான். அவள் தலை அவன் கையில் ஆடியது. நான் பின்னால் நடந்தேன். அந்தப் படிகளில் நான் இறைவனிடம் என்ன கேட்டேன் என்பதை எழுதப்போவதில்லை.

எல்லாரும் பிழைத்தார்கள். மற்றவர்கள் மறுநாளே வீடு திரும்பினார்கள். நிமெத் கண் திறக்க நேரமானது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெண்களின் தகப்பன்மார் நின்றிருந்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, புகைபோக்கியைச் சுத்தம் செய்தது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, கட்டடம் என்னுடையது, தீ வைத்தது என் கை, பொறுப்பும் என்னுடையது என்றேன். ஃபெரிதூன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அவர் சொல்றதக் கேக்காதீங்க சார். கூரையில ஏறினது நான். முடியலன்னு தெரிஞ்சும் முடிஞ்சுதுன்னு சொன்னது நான்."

ஒரு தகப்பன் அவன்மேல் பாய வந்தார். நெவ்ஸாத் இடையில் நின்று அவரை அணைத்து அழைத்துப் போனான். போகும்போது என்னிடம், இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது ஹாஜி என்றான். அவன் இரக்கத்தோடு சொன்னான். அவனுடைய எந்த நக்கலும் என்னை அவ்வளவு வருத்தியதில்லை.

அந்த வாரம் எதிர்க் கட்டடத்தில் முதல் புகை எழுந்தது. தெரு முழுவதும் அதைப் பின்தொடர்ந்தது. எங்கள் கட்டடத்தில் தெமெல் கோட்டோடு நின்று பாலாடைக்கட்டி விற்றான். ரேடியேட்டர்களில் நீர் உறைந்துவிடாமல் எல்லாவற்றையும் மறுபடி வடித்துவிட்டோம். வெளியூரிலிருந்து வந்த ஆட்கள் புகைபோக்கியிலிருந்து கூடை கூடையாகச் சுள்ளி எடுத்தார்கள். மூன்றாம் மாடித் துளையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பாதிப் பெண்களை அவர்கள் வீட்டார் திரும்ப அனுப்பவில்லை.

மறுபடி தீ வைக்கும் நாளில் அல்வா இல்லை, கூட்டமில்லை. நானும் ஃபெரிதூனும் நிமெத்தும் மட்டும். அவள் போர்வையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் தீப்பெட்டி இருந்தது. ஃபெரிதூன், வேலை முடிந்துவிட்டது என்றான். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"என்ன யோசிக்கிறீங்க அப்பா?" என்றாள் நிமெத். "போய்ப் பாருங்க. பாக்காம நீங்க பத்த வச்சா நான் மேல ஏறமாட்டேன்."

நான் ஃபெரிதூனைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே புகைபோக்கியின் அடிக்கதவைத் திறந்து, நிமெத்தின் தையலறைக் கைக்கண்ணாடியை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான். முழங்காலிட்டுக் கரிக்குள் கையை நீட்டிக் கண்ணாடியைச் சாய்த்தேன். நெடுந்தூரத்துக்கு அப்பால் உள்ளங்கையளவு வானம் தெரிந்தது. சாம்பல் நிற வானம். தடையில்லை.

எழுந்தேன். தீக்குச்சியை உரசவில்லை.

"நீயும் பாரு," என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். சரியாக இருக்கிறது என்றான்.

"இன்னொரு தடவை பாரு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்தான்.