மூடிக்குள்ளும் முனியா?

ஞாயிற்றுக்கிழமை காலை. நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடொன்றில், சுதர்சினி சுடச்சுட ரொட்டியும் சம்பலும் கணவன் கிரிஷாந்தன் முன்னால் வைத்தாள். நாலு ரொட்டிக்குக் குறையாமல் தின்கிற மனிதன், அன்று ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை.

"வாய் தொறக்க மாட்டேங்குது" என்று பல்லிடுக்கில் முனகினான்.

எட்டு நாளைக்கு முன்னால், மாட்டெருப் போட்ட காய்கறிப் பாத்தியில் துருப்பிடித்த ஆணி ஒன்று அவன் பாதத்தில் ஏறியிருந்தது. டிஸ்பென்சரிக்குப் போய் டெட்டனஸுக்கான ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "ஊசியெல்லாம் புள்ளத்தாச்சிக்கும் பச்சப்புள்ளைக்கும்தான்" என்று சிரித்துவிட்டு, காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். ஆம்பிள்ளை அல்லவா!

மத்தியானத்துக்குள் கழுத்து மரக்கட்டையாக விறைத்தது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டு, சிரிக்கிற மாதிரி ஒரு கோலம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவன் அண்ணன் சுந்தரலிங்கம் பேய் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டார். வெளியே போனவர் பேயோட்டும் கோடாங்கி இராமையாவோடுதான் திரும்பி வந்தார்.

"இது முனி அடிச்சதும்மா. ஓடைப் பக்கம் தனியாப் போயிருக்கான்" என்றார் கோடாங்கி. உடுக்கை எடுத்து ஓங்கி அடித்தார். "யாரு நீ? சொல்லு! யாரு நீ?"

உடுக்குச் சத்தம் எழுந்ததுதான் தாமதம், கிரிஷாந்தனின் உடம்பு வில்லாக வளைந்தது. குதிகாலும் பின்மண்டையும் மட்டும்தான் பாயில் பட்டன. வாசலில் கூடி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாத்தீங்களா, ஒடுக்குக்கு ஆடுது!" என்றார் சுந்தரலிங்கம், பெருமைகூடக் கலந்து.

தண்ணீர் எடுக்க எழுந்த சுதர்சினியின் கை தட்டி, அடுப்பிலிருந்த சட்டி மூடி தரையில் விழுந்து உருண்டது. கிரிஷாந்தன் மறுபடியும் அப்படியே வளைந்தான்.

அவள் வேண்டுமென்றே மூடியை எடுத்து, லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். அவன் துடித்தான். பாவி, அவனை நோகடித்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒடுக்க நிப்பாட்டுங்க சாமி."

"குறுக்க வராத புள்ள. முனிக்குக் கோவம் வந்துரும்."

"மூடிக்குள்ளயும் முனி இருக்கா? அத தட்டுனாலும் இப்பிடித்தான் இழுக்குது. சத்தந்தான் இவர வதைக்குது." அவள் கணவன் காதருகே குனிந்தாள். "ஏங்க, நீங்க யாரு?"

"கிரி... ஷாந்தன்" என்றான் பல்லுக்குள்ளிருந்து. கண்ணோரம் நீர் வழிந்தது. இவ்வளவு நேரமும் முழு நினைவோடுதான் கிடந்திருக்கிறான்.

சுந்தரலிங்கத்துக்கு முகம் சிவந்தது. "பூசைய பாதியில வுட்டா உசுருக்கு ஆபத்து. இவன இங்கருந்து தூக்க வுட மாட்டேன்."

"நீங்க வுட வேணாம் அத்தான். நான் கேக்கல." அவள் உடுக்கைப் பிடுங்கி அரிசிச் சாக்குக்குள் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தாள்.

வண்டி லயம் வரைக்கும் ஏறாது. ஆண்கள் சுந்தரலிங்கத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டுப் புஷ்பம் ஒரு கம்பளியை உதறி விரித்தாள். கொழுந்துக் கூடை சுமந்து பழகிய ஆறு பெண்கள் கிரிஷாந்தனை அதில் கிடத்தி, மூச்சுக்கூட உரக்க விடாமல் ரோட்டுக்கு இறக்கிக்கொண்டு போனார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் இருட்டாக்கிய அமைதியான அறையில் அவனைப் படுக்க வைத்து, மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். மறுநாள் டாக்டர் அஸ்னா சுதர்சினியை வெளியே அழைத்து விளக்கினார்.

"இது ஏற்பு வலி. 'போதும், தளர்ந்துக்க'ன்னு சொல்ற சேதி, நரம்புக்குள்ள நுணுக்கமான பைகள்ல இருக்கும். பை நரம்போட சவ்வுல ஒட்டி, ரெண்டு சவ்வும் ஒண்ணாக் கலந்தாத்தான் சேதி வெளிய வரும். அப்பிடி ஒட்ட வைக்கிறது ஸ்நேர்னு சொல்ற புரதங்கள். பையில ஒண்ணு, சவ்வுல ஒண்ணுன்னு இருந்து ஒண்ணையொண்ணு முறுக்கி இழுக்கும். ஆணியோட போன கிருமியின் நஞ்சு, பையில உள்ள புரதத்த வெட்டிடுது."

"ஜாக்கெட்டு கொக்கிய அறுத்துட்ட மாதிரியா டொக்டர்? சேதி இருக்கு, ஆனா வெளிய வராது?"

"அதேதான். 'இறுகு'ங்கிற சேதி மட்டும் போய்க்கிட்டே இருக்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு முழுக்க இழுக்கும்."

"அறுந்த கொக்கிய தைக்க மருந்து இருக்கா?"

"இல்ல. நரம்பே புதுசா உண்டாக்கிக்கணும், வாரக்கணக்காகும். இன்னும் நரம்புக்குள்ள போகாம வெளிய இருக்கிற நஞ்சத்தான் நாங்க அடக்கலாம். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தா மூச்சே நின்னிருக்கும்."

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஏற்பு ஊசி போடுகிற நாள் வந்தது. ஆண்கள் மதகில் உட்கார்ந்து, ஊசிக்கு வந்த பெண்களைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். பாதி உடம்பாகிப்போன கிரிஷாந்தன் கம்பு ஊன்றி அவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"என்னைய புடிச்சது முனி இல்லடா, என் திமிரு. ஊசிக்குப் போனா கௌரவம் கொறையும்னு நெனச்சேன். பொம்பளைங்கதான் கம்பளியில தூக்கிட்டுப் போய்க் காப்பாத்துனாங்க" என்றான்.

மதகில் உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் தலை நிமிராமல், "முனின்னுதானே நெனச்சோம், வேணும்னே செஞ்சோமா?" என்றார்.

சுதர்சினி அவருக்கு நேரே வந்து நின்றாள். "முனின்னு சொல்லிட்டா யாரு மேலயும் குத்தமில்ல, யாரும் ஒண்ணும் செய்யவும் வேணாம். அதனாலதான் அத்தான் நமக்கு முனிய அவ்வளவு புடிச்சிருக்கு. ஆணி குத்துனா ஊசி போடணும், ஒடம்பு இழுத்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒடுக்க அடிச்சு ஒரு உசுர வதைக்கிற பாவத்த இனி இந்த லயத்துல யாரும் செய்யக்கூடாது. செஞ்சா நான் மறுபடியும் அது மேல ஏறி ஒக்காருவேன். இப்ப சட்டக் கைய மடிங்க."

சுந்தரலிங்கம் கையை மடித்துக்கொண்டு ஊசி வரிசைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்னாலேயே, யார் கண்ணிலும் படாமல் வந்து நின்றிருந்தார் கோடாங்கி இராமையா.