சாம்பல் நிறத்தவள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதியை ஒரு கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டே இரண்டு சிக்லிட் மீன்கள். நீலமாக இருப்பது ஆண், சாம்பல் நிறத்தில் இருப்பது பெண் என்று என் கணவர் ஓல்டா சொன்னார். இவை பிறந்த ஆப்பிரிக்க ஏரி வற்றிப்போய்விட்டது. செக் நாட்டில் எங்கள் ஓஸ்த்ராவா நகரத்து மீன் சங்கத்தார் வீடுவீடாக வளர்த்தவையும் செத்து, மிஞ்சியவை இந்த இரண்டுதான். சாம்பல் நிறத்தவள் முட்டையிட்டால் இனம் பிழைக்கும். இல்லையென்றால் எங்கள் கூடத்திலேயே பூண்டோடு அழியும்.

மீன் என்றால் எனக்கு வறுபட்டுத் தட்டில் கிடக்க வேண்டும். ஆனாலும் இந்தச் சனியன்களுக்காக நானும் ஏங்கத் தொடங்கினேன்.

முட்டை வரவில்லை. நீலம் அவளை மூலைக்கு மூலை துரத்தி வாலைப் பிய்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வளர்ப்பு மீன் சந்தை முடிந்து பியர் குடிக்க வந்த சங்கத்து நண்பர் விலெம் தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"ஈரத்துணியில புடிச்சுத் திருப்பிப் பாருய்யா. அடிவயித்துல ரெண்டு துளை இருக்கும். ஒண்ணு பெருசா இருந்தா பொட்டை. ரெண்டும் ஒரே அளவுன்னா ஆணு."

"பயத்துலயே செத்துப்போச்சுன்னா?" என்றார் ஓல்டா.

"கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டையை ஒரே போடா போடற மனுஷன், இதைத் தொட நடுங்கறீங்களே!" என்றேன்.

"அது சாப்பாடு. இது கடைசி."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? பார்க்காதவரை அவள் பெண்தான், அவருக்கு அது போதும்.

"அப்ப நீலத்தையாவது பிரிச்சு வைய்யா. அடி வாங்காம இவ உடம்பு தேறட்டும்" என்றார் விலெம்.

நீலத்தைச் சமையலறையில் ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றினோம். இவளுக்கு வால் வளர்ந்தது, பசி வந்தது. முட்டையிட வசதியாக ஓல்டா பூந்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். கல்யாண வீட்டு மனிதரைப் போல அலைந்தார். துடுப்பு ஓரத்தில் நீலம் படர்வதை முதலில் பார்த்தது நான்தான். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. சில நாளில் உடம்பு முழுக்க நீலம். அடிக்குப் பயந்து இத்தனை காலம் பெண் நிறம் பூசிக்கொண்டிருந்த ஆண் அது.

ஓல்டா கத்தியிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கூடத்துப் பக்கமே வரவில்லை. தீனி நான்தான் போட்டேன்.

நேற்றுக் கடைக்குப் போய்த் திரும்பினால் சமையலறைத் தொட்டி காலி. கூடத்துத் தொட்டியில் பழைய நீலம் துரத்திக்கொண்டிருந்தது. மற்றது பிய்ந்த வாலோடு மூலையில் ஒண்டி, மறுபடி சாம்பலாக வெளுத்துக்கொண்டிருந்தது. ஓல்டா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"இங்க வந்து பாரேன். இவ வயிறு கொஞ்சம் பெருத்த மாதிரி இல்ல?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதரின் குனிந்த முதுகு கண்ணில் பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமாங்க" என்றேன். "கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கா."