கற்பூரத்தில் முதல் கை

விடியற்காலை நாலரைக்கு அரிசி மில்லில் நெல் அவிக்கிற டிரம்மின் வாயைத் திறந்தார்கள். வெந்த நெல் ஆவியோடு தள்ளுவண்டியில் கொட்டியது. ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறிய நெல்லின் புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. முகத்தைத் திருப்பாமல் அதற்கு முன்னால் நிற்கப் பழக மீனம்பாளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. வண்டியை மூன்று பேராகத் தள்ளிக் களத்தில் சாய்த்து, பலகையால் இழுத்துப் பரப்பி, சூடு ஆறுமுன் வெறுங்காலால் நெல்லைக் கீறிக்கொண்டே நடக்க வேண்டும். செஞ்சிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஷூ போட்டுக்கொண்டு ராஜகிரிக் கோட்டை ஏறி மூச்சு வாங்குகிறார்கள். இந்தக் களத்தில் ஒருநாள் நடந்து பார்க்கட்டும், தெரியும் சங்கதி.

போன மாசம் டிரம் கதவின் கொக்கி நழுவி, கொதிக்கிற நெல் கூட வேலை செய்த ராஜாம்பாளின் இரண்டு காலிலும் கொட்டியது. கொக்கி தேய்ந்திருக்கிறது என்று முன்னமே இரண்டு தரம் சொல்லியிருந்தார்கள். மில் முதலாளி அரிகிருஷ்ணன் ஒரு களிம்பு ட்யூப் வாங்கி அனுப்பினார். மகா தாராளம்! கொக்கியை மட்டும் மாற்றவில்லை. கம்பி வைத்துக் கட்டியிருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் களத்து வேலைக்காரி கலைச்செல்வி பேரூராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றாள். பூட்டு சாவி சின்னம். வார்டில் இதுவரை இரண்டே கட்சிகள்தான். ஒன்றின் ஆள் தங்கராசு. ஏரிக்கரையில் இருக்கிற நாற்பது வீடுகளையும் இடித்துக் குடோன் கட்டப்போவதாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிகிறவன். இன்னொன்றின் ஆள் சுந்தரமூர்த்தி. இப்போதைய கவுன்சிலர், முதலாளிக்குச் சம்பந்தி. ஐந்து வருஷத்தில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. ஆனால் வீட்டை இடிக்கவும் வரவில்லை. அந்த நாற்பதில் ஒன்று மீனம்பாளின் வீடு. புருஷன் போனபிறகு, கல் கல்லாகச் சுமந்து அவளே எழுப்பியது.

"நீ நிக்கறதால யாருக்குடி லாபம்?" பலகையை இழுத்துக்கொண்டே கேட்டாள் மீனம்பாள். "நம்ம ஓட்டு பிரியும். தங்கராசு உள்ள பூந்துடுவான். மறாநாளே ஜேசிபி வரும். சுந்தரமூர்த்தி ஒண்ணும் செய்யலதான், ஆனா தலைக்கு மேல கூரையாவது இருக்குதே?"

கலைச்செல்வி அடுப்பின் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே உமி தகதகவென்று எரிந்தது. "எரியற கொள்ளியில எந்தக் கொள்ளிக்கா நல்ல கொள்ளி?"

"பேச நல்லாத்தான் இருக்குது. வூடு போனா உன் பூட்டையும் சாவியையும் எங்க கொண்டுபோய்ப் போடறது?"

கலைச்செல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் பலகையை இழுத்துக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போனாள்.

ஏழு மணிக்குக் காரில் வந்து இறங்கினார்கள், முதலாளியும் சுந்தரமூர்த்தியும். பித்தளைத் தட்டில் கற்பூரம், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் குங்குமம், எலுமிச்சம்பழம். பதினெட்டுப் பெண்களையும் வேலையை விட்டுக் கூப்பிட்டார்கள். போன தேர்தலிலும் இதே தட்டுதான். கற்பூரத்தில் கை வைத்து, சுந்தரமூர்த்திக்கே ஓட்டு என்று சத்தியம் செய்தார்கள். ஓட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க எவனாலும் முடியாது. ஆத்தாள் பார்ப்பாள் என்று பயந்து, ஒருத்திகூடச் சொல்லை மீறவில்லை. ஏழைகள் செய்கிற தப்பு இது. தட்டை நீட்டுகிறவனிடம் திருப்பிச் சத்தியம் கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"மீனம்பா, நீதான் மூத்தவ. மொதல் கை நீ வை," என்றார் அரிகிருஷ்ணன்.

அவள் வைக்கத்தான் வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எரிகிற கற்பூரத்துக்கு அந்தப் பக்கம், கேட்டைப் பிடித்துக்கொண்டு ராஜாம்பாள் நிற்பது தெரிந்தது. காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. வேலை கேட்டு வந்திருக்கிறாள்.

"மொதலாளி, வைக்கறேன். அதுக்கு மின்ன கவுன்சிலர் ஐயா ஒரு கை வைக்கட்டும். எங்க வூட்டுமேல கை வைக்க மாட்டேன்னு. நீங்களும் ஒரு கை வைங்க, ராஜாம்பா வைத்தியத்துக்கு வழி பண்றேன், கொக்கிய மாத்தறேன்னு."

சுந்தரமூர்த்தி சிரித்தார். "நான் வெரதத்துல இருக்கேம்மா. சத்தியம்லாம் பண்ணக்கூடாது."

"அவரு வார்த்த போதாதா ஒனக்கு?" என்றார் முதலாளி.

"அப்ப எங்க வார்த்த மட்டும் ஏன் மொதலாளி போத மாட்டேங்குது?"

களத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரிகிருஷ்ணனுக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. "இன்னா, வாய் நீளுது? தங்கராசு வந்தா மொத வூடு ஒன்னுதுதான் போவும். நெனப்பிருக்கட்டும்!"

"அவன் இடிப்பேன்னு சொல்றான். நீங்க இடிக்க மாட்டேன்னு சொல்ல மாட்டேங்கறீங்க. ரெண்டுக்கும் நடுவுல நான் எத்தினி வருசம் பயந்துகினே கை வைக்கறது?"

தங்கராசு வந்துவிடுவான் என்ற பயம் அவளுக்கு அப்படியே இருந்தது, ஒரு மயிரிழையும் குறையவில்லை. ஆனால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் பின்னால் இழுத்துக்கொண்டாள். தட்டு ஒவ்வொருத்தியாகக் கடந்து போயிற்று. கோடியில் போய் நின்றபோது கற்பூரம் தானாக அணைந்து கரிந்துபோயிருந்தது.

"கலைச்செல்வி! எல்லாம் ஒன் வேல. நாளையிலேர்ந்து களத்துல கால வைக்காத," என்று கத்தினார் முதலாளி. "மத்தவளுங்க போய் நெல்லக் கிண்டுங்க. வெயில் ஏறுது!"

வெயில் ஏறத்தான் செய்தது. பரப்பிய நெல்லை நேரத்துக்குக் கிளறாவிட்டால் மேல்நெல் வெடித்து அரிசி முழுக்க நொய்யாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மீனம்பாள் பலகையைச் சுவரில் சாய்த்தாள். ஒவ்வொரு பலகையாகச் சுவருக்கு வந்து சேர்ந்தது. ஒருத்தி காலும் நெல்லில் இறங்கவில்லை.

"கொக்கிய மாத்துங்க. ராஜாம்பாளுக்கு ஒரு வழி சொல்லுங்க. கலைச்செல்வியும் எறங்கணும். அப்பறம் நாங்க எறங்கறோம்," என்றாள் முதலாளியிடம்.

ராஜாம்பாள் கேட்டைத் தாண்டி நொண்டி நொண்டி வந்தாள். கீழே உட்கார முடியாமல் மீனம்பாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலைச்செல்வி மெதுவாகக் கேட்டாள். "யக்கா, ஓட்டு எண்றன்னிக்கு நான் தோத்து, அந்தப் பாவி ஜேசிபியோட வந்துட்டா?"

"வந்தா வரட்டும். நாப்பது வூட்டு சனமும் மின்னால நிக்கும். நீ வருவியா?"

"சத்தியமா வருவேங்கா."

"சத்தியம்லாம் வாணாண்டி," என்றாள் மீனம்பாள். "வந்து நில்லு, அது போதும்."