லோடு இருக்கும்போது

ஐஸ் பெட்டி ஏற்றி வந்த வேன் சந்துக்குள் நுழைய முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. வழியை மறித்து நின்றது முனுசாமியின் லாரி. நேற்று மாலை அவர் நிறுத்திய இடத்திலேயே, ஜல்லி லோடோடு, முன்சக்கரம் ஒரு பக்கமாக ஒடித்தபடி நின்றிருந்தது.

"யாராவது வண்டிய எடுங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது. யாராவது என்றாலும் எல்லோரும் கமலைத்தான் பார்த்தார்கள். இறந்துபோன முனுசாமியின் தம்பி, பக்கத்திலேயே லாரி பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருப்பவன்.

கமல் ஏறி உட்கார்ந்தான். சீட் அண்ணனின் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னுக்கு இழுக்க மனம் வரவில்லை. நுனியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். என்ஜின் கிளம்பிய பிறகும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணையவில்லை.

ஏழு மாதமாக இந்த விளக்குதான். எட்டு வருடத்துப் பழைய வண்டி. வெளியே போகும் புகையில் நஞ்சு கூடுகிறது என்று அதன் கம்ப்யூட்டருக்குப் பட்டால் விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் இருபதைத் தாண்டாது.

ஒவ்வொரு தடவையும் முனுசாமி லோடை இறக்கிவிட்டு ஏனாத்தூரில் இருக்கும் இந்த ஷெட்டுக்கு ஓட்டி வருவார். கமல் ஸ்கேனரை மாட்டுவான். ஒரு கோளாறு எண்ணைக் காட்டும், அழிப்பான். புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிப் பார்த்தான். புகையை அளக்கும் சென்சாரையே மாற்றினான். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் விளக்கு வந்துவிடும்.

"காலியா வந்தா வர்றதில்லடா கமலு. லோடு ஏத்திக்கினு வந்தாதான் வருது" என்று அண்ணன் பலமுறை சொல்லியிருந்தார்.

"லோடுக்கும் சென்சாருக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? மிசின் சொல்றத கேப்பனா, நீ சொல்றத கேப்பனா?"

"சரிடா. நீ படிச்சவன்" என்பார். அதில் குத்தல் எதுவும் இருக்காது. தம்பியை ஐடிஐயில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

கமல் லாரியைப் பின்னால் எடுத்து ஷெட்டுக்குள் நிறுத்தினான். வேன் உள்ளே போயிற்று. பெட்டியை இறக்கும்போது பெண்களின் அழுகை உயர்ந்து கேட்டது. அவன் போகவில்லை. லாரியையே பார்த்துக்கொண்டு நின்றான். லோடோடு இந்த வண்டி அவன் ஷெட்டுக்குள் நிற்பது இதுதான் முதல் தடவை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்தான். ஜல்லியின் கனத்தில் பின்பக்கம் நன்றாக இறங்கியிருந்தது. சென்சாரிலிருந்து வரும் ஒயர்க் கட்டு சட்டத்தின் ஓரமாகப் போகிற இடத்தில், காலி வண்டியில் நாலு விரல் இடைவெளி இருக்கும். இப்போது இல்லை. ஒரு இரும்புப் பட்டை அதன்மேல் அழுந்திக்கொண்டிருந்தது. மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்புக்கம்பி பளிச்சென்று தெரிந்தது.

கை பாட்டுக்கு வேலை செய்தது. ஒயரை விலக்கி, டேப் சுற்றி, வேறு இடத்தில் இழுத்துக் கட்டினான்.

வெளியே வந்தபோது ஜோதிகா நின்றிருந்தாள். அண்ணனின் ஒரே மகள். கையில் அப்பாவின் போன்.

"சித்தப்பா, அப்பா கடைசியா உங்களுக்குத்தான் போன் பண்ணிருக்காரு. நாலு நிமிசம் பேசிருக்காரு. இன்னா சொன்னாரு? வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா? அம்மா கேட்டுக்கினே இருக்குது."

கமல் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தான்.

"வண்டிய பத்திதாம்மா பேசினாரு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நேற்று மூன்று மணி இருக்கும். வேறொரு வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் அவன் பேசினான்.

"திரும்ப வந்துச்சுடா. வாலாஜாபாத் தாண்டலை, இழுக்கவே மாட்டேங்குது."

"ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் உட்டு எடுண்ணா."

"நெஞ்சு வேற ஒரு மாதிரி அடைக்குதுபா. கையெல்லாம் வலி."

"கேஸா இருக்கும். ஒரு சோடா வாங்கி குடி. விளக்கு வந்தப்ப எவ்ளோ வேகத்துல வந்த?"

முனுசாமி யோசித்துச் சொன்னார். கமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டான். அதற்கும் பதில் சொன்னார். கடைசியில், "டேய், ஓரமா நிறுத்திட்டு பஸ்ல வந்துடட்டா?" என்றார்.

"லோட ரோட்டுலயா உட்டுட்டு வருவ? மெதுவா ஓட்டிக்கினு வா. நான் பாத்துக்கறேன்."

ஐயம்பேட்டை வழியாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது நாலரை. கமல் ஸ்கேனரோடு இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, குனிந்து ஒயரை மாட்டினான். "சாவிய ஆஃப் பண்ணாதண்ணா" என்றான். திரையில் எண் வரும்வரை காத்திருந்தான். அதன் பிறகுதான் நிமிர்ந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தான். வேர்வை சட்டையெல்லாம் நனைத்திருந்தது. வாய் ஏதோ சொல்ல வந்தது போலத் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மதியம் அடக்கம் முடிந்தது. மகன் இல்லாததால் கமல்தான் மொட்டை அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். முதல் பிடி மண்ணைப் போடச் சொன்னபோது கை திறக்கவில்லை. பெரியவர் ஒருவர் விரல்களைப் பிரித்துவிட்டார்.

மாலையில் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அண்ணி ரேணுகாம்பாள் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜோதிகா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கமல் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, காலைல ஜோதி கேட்டுச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

ரேணுகாம்பாள் நிமிர்ந்தாள்.

அவன் சொன்னான். நெஞ்சு அடைக்கிறது என்று அண்ணன் சொன்னதை, சோடா குடி என்று தான் சொன்னதை, பஸ்ஸில் வரட்டுமா என்று அவர் கேட்டதை. ஒயர் தேய்ந்திருந்ததையும் சொன்னான். "அவரு சொன்னது சரிதான் அண்ணி. லோடு இருக்கும்போதுதான் அது இடிச்சிருக்குது. நான் ஒரு தடவை கூட லோடோட பாக்கல."

ஜோதிகா எழுந்து உட்கார்ந்தாள். அவனையே பார்த்தாள். உள்ளே யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம் வந்தது.

"இப்ப சரி பண்ணிட்டியா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"பண்ணிட்டேன்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"டேப் சுத்தற நேரந்தான் அண்ணி."

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். மகளின் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

கமல் வாசலுக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். வாடகைக் கடை ஆட்கள் இருவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தெரு மெல்லக் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவன் உட்கார்ந்திருந்தது மட்டும் மீதியிருந்தது. ஆட்களில் ஒருவர் அருகே வந்தார். நாற்காலியைக் கேட்காமல், சற்றுத் தள்ளிப் போய் நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொள்ளத் தொடங்கினார்.